பழைய கணினிக்குள் ஃபைல் எந்த வழியாகப் போகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். பழைய கணினிகளின் வன்பொருளை லேப்டாப்பில் நடித்துக் காட்டும் சிம்ஹெச் சிமுலேட்டரில் ஒரு பிடிபி-11 கணினியை எழுப்பி, அதில் 1979-ஆம் ஆண்டின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பை ஓடவிட்டிருக்கிறீர்கள். லேப்டாப்பில் எழுதி வைத்த சி ஃபைல்கள் நாலைந்தை உள்ளே கொண்டுபோக வேண்டும். கன்சோலில் பேஸ்ட் செய்தால் இன்க்ளூட் வரிகளின் முன்னால் இருக்கிற # மட்டும் காணாமல் போகிறது, ஃபைல் பெரிதாக இருந்தால் நடுவில் ஒரு பகுதியே வந்து சேர்வதில்லை. உள்ளே உருவான ஃபைலை வெளியே எடுக்கவும் வழி தெரியவில்லை. விர்ச்சுவல்பாக்ஸில் இருப்பது போல ஷேர்டு ஃபோல்டர் ஒன்று எங்காவது இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆனால் ஏன் இல்லை என்று புரிந்துவிட்டால் இந்தச் சிமுலேட்டர் மட்டும் அல்ல, வேறு எந்தப் பழைய இயந்திரத்தைக் கையில் எடுத்தாலும் ஃபைலை எப்படி நகர்த்துவது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் சிஸ்டம் அட்மினாக இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவன். பழைய டேப்புகளில் இருந்து தரவை மீட்டுக் கொடுக்கும் வேலைக்காக சிம்ஹெச் கற்றுக்கொண்டேன், அப்புறம் விட முடியவில்லை. பிடிபி வரிசை, வாக்ஸ், சிபிஎம் என்ற பழைய இயங்குதளம் ஓடும் அல்டேர் சிறுகணினி இவை எனக்குக் கைப்பழக்கம். ஐபிஎம் பெருங்கணினிகளின் பக்கம் நான் வேலை செய்ததில்லை, அதனால் அதைத் தொடாமல் விடுகிறேன்.

விர்ச்சுவல்பாக்ஸில் ஷேர்டு ஃபோல்டர் ஏன் வேலை செய்கிறது? உள்ளே ஓடும் லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ என்று ஒரு டிரைவரை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த டிரைவர் உள்ளே இருந்துகொண்டு வெளியே இருப்பவரோடு பேசுகிறது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸுக்கு அப்படி ஒரு டிரைவரை யாரும் எழுதி வைக்கவில்லை. பாப் சுப்னிக் 1993-இல் தொடங்கிய சிம்ஹெச் செய்வது ஒன்றுதான்: வன்பொருளை அப்படியே நடித்துக் காட்டுவது. டிஸ்கின் இத்தனையாவது செக்டரைக் கொடு என்று உள்ளே இருக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேட்டால் எடுத்துக் கொடுக்கும். அந்த செக்டரில் இருப்பது ஒரு சி ஃபைலா, டைரக்டரியா, வெறும் குப்பையா என்று சிமுலேட்டருக்குத் தெரியவே தெரியாது. ஃபைல் என்ற எண்ணம் உள்ளே ஓடும் இயங்குதளத்தின் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த இயந்திரம் உயிரோடு ஓடிய காலத்தில் ஒருவர் வெளியூரில் இருந்து ஒரு நிரலைக் கொண்டுவந்தால் அதை எதில் வைத்துக் கொண்டுவந்திருப்பார்? டேப்பில், கழற்றி மாட்டும் டிஸ்கில், காகித நாடாவில், அல்லது டெர்மினல் முன் உட்கார்ந்து தட்டி. வெளியே கொண்டுபோனால்? அதே டேப், டிஸ்க், அல்லது பிரிண்டரில் அடித்த தாள். இவை எல்லாமே சிம்ஹெச்சில் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் அட்டாச் கட்டளையால் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ஒரு சாதாரண ஃபைலோடு கட்டிவிடலாம். உங்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள் இவைதான்.

முதலில் நீங்கள் முயன்ற கதவு, கன்சோலில் பேஸ்ட் செய்வது. அது உடைந்ததற்குக் காரணம் சிமுலேட்டர் இல்லை, அந்தக் கால யூனிக்ஸ் சரியாகத்தான் நடந்துகொண்டது. ஏழாம் பதிப்பில் கடைசி எழுத்தை அழிக்கும் விசை #, முழு வரியையும் அழிக்கும் விசை @. தாளில் அச்சடிக்கும் டெலிடைப்பில் அடித்ததை அழிக்க முடியாது, கண்ணுக்குத் தெரியும்படி ஒரு குறியை அடித்து 'முந்தைய எழுத்தை மறந்துவிடு' என்று சொல்ல வேண்டும், அதற்காக வைத்த குறிகள் இவை. உங்கள் இன்க்ளூட் வரி # குறியோடு தொடங்குகிறது, அதற்கு முன்னால் அழிக்க எதுவும் இல்லை, அதனால் # மட்டும் விழுங்கப்பட்டு மீதி வரி உள்ளே போயிற்று. எங்காவது மின்னஞ்சல் முகவரி இருந்திருந்தால் @ வரைக்கும் இருந்த வரி முழுக்கப் போயிருக்கும். இதைச் சரிசெய்ய, டெர்மினலின் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில் இரேஸ், கில் இரண்டையும் கன்ட்ரோல்-எச், கன்ட்ரோல்-யு என்று மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே கன்ட்ரோலைக் குறிக்க ^ போடுவோம் இல்லையா, அதை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், ஏனென்றால் ஏழாம் பதிப்பின் ஷெல்லில் ^ என்றால் பைப் குறிக்கு (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குறி) இன்னொரு பெயர். இதில் ஒரு மாலையை இழந்தவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

நடுவில் ஒரு பகுதி காணாமல் போவதற்கும் காரணம் உண்டு. டெர்மினலில் வந்து சேர்ந்து இன்னும் யாரும் படிக்காத எழுத்துகள் 256-ஐத் தாண்டினால் அந்தக் கெர்னல் சேர்ந்திருந்த மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடும். மனிதர் கையால் தட்டும்போது அந்த எல்லை வரவே வராது, பேஸ்ட் செய்தால் ஒரு நொடியில் வந்துவிடும். சிம்ஹெச் நான்காம் பதிப்பில் இருக்கும் செண்ட் கட்டளையில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி கொடுக்கலாம், எக்ஸ்பெக்ட் கட்டளையால் உள்ளே இருந்து பதில் வரும் வரை காத்திருக்கச் செய்யலாம். முப்பது நாற்பது வரி நிரலுக்கு இது போதும். அதற்கு மேல் போகும் எதற்கும் இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஏனென்றால் ஒரு எழுத்து விழுந்து போனாலும் உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது என்று நான் சொல்வது டிஸ்க் வழி. ரொம்ப எளிது, ஆனால் முதல்முறை கேட்கும்போது நம்பிக்கை வராது. டார் என்பது பல ஃபைல்களை ஒரே ஃபைலாகக் கட்டும் கட்டளை; அது உருவாக்கும் டார் ஃபைலையே ஒரு டிஸ்க் என்று சொல்லி மாட்டிவிடுவது. லேப்டாப்பில் உங்கள் சி ஃபைல்களை டார் செய்யுங்கள், வடிவம் வி7 என்று தெளிவாகக் குறிப்பிட்டு. இல்லையென்றால் இன்றைய டார் தன் வசதிக்குச் சேர்க்கும் கூடுதல் தலைப்புகளைப் பழைய டார் விளங்காத ஃபைல்களாகக் கொட்டும். டைரக்டரியைக் கொடுக்காமல் ஃபைல் பெயர்களை மட்டும் கொடுங்கள், டைரக்டரிக்கென்று தனிப் பதிவு வைப்பது பின்னால் வந்த வழக்கம். இப்போது சிமுலேட்டரில் கன்ட்ரோல்-இ அடித்து இயந்திரத்தை நிறுத்துங்கள், ஆர்எல்1 என்ற இரண்டாவது டிஸ்க் டிரைவில் அந்த டார் ஃபைலை, படிக்க மட்டும் என்ற -ஆர் குறியோடு அட்டாச் செய்யுங்கள், கன்டின்யூ கொடுத்து இயந்திரத்தை மறுபடி ஓடவிடுங்கள். உள்ளே போய் அந்த டிஸ்கை மவுன்ட் செய்யக் கூடாது, அதில் ஃபைல் சிஸ்டம் எதுவும் இல்லை. நேராக டார் கட்டளையிடம் இந்த டிவைஸில் இருந்து படித்துப் பிரி என்று சொல்லுங்கள். ஃபைல்கள் வந்து விழும்.

ஏன் இது நடக்கிறது என்றால், இந்த வகை டிஸ்கின் இமேஜ் என்பது செக்டர்களை வரிசையாக அடுக்கிய பைட்டுகள், அவ்வளவுதான். டார் என்பதும் 512 பைட் துண்டுகளின் வரிசை. கெர்னல் டிஸ்கின் முதல் துண்டைக் கேட்டால் டாரின் முதல் துண்டு வருகிறது. டார் ஃபைல் டிஸ்கின் முழு அளவுக்கு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு ஆர்எல்02 டிஸ்க் 1,04,85,760 பைட், உங்கள் டார் ஒருவேளை இருபதாயிரம் பைட்தான் இருக்கும். ஃபைல் முடிந்த இடத்துக்கு அப்பால் படித்தால் சிம்ஹெச் பூஜ்ஜியங்களைக் கொடுக்கும், டாரும் பூஜ்ஜியத் துண்டுகளைக் கண்டதும் முடிந்தது என்று நின்றுவிடும். இரண்டும் இவ்வளவு அழகாகப் பொருந்தி வருவதை முதல்முறை பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது. படிக்க மட்டும் என்ற குறியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், சிம்ஹெச்சின் சில பதிப்புகள் டிஸ்க் இமேஜின் கடைசியில் தன் குறிப்புக்காக 512 பைட் சேர்த்துவிடும். உங்கள் அசல் ஃபைலை அது தொட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வித்தை ஆர்கே, ஆர்எல், ஆர்பி போன்ற கடின டிஸ்குகளுக்குத்தான். ஆர்எக்ஸ்01 என்ற எட்டு அங்குல ஃப்ளாப்பியில் செய்யாதீர்கள். அந்த ஃப்ளாப்பி சுழலும் வேகத்துக்கு டிரைவரால் ஈடுகொடுக்க முடியாது என்பதால் அடுத்தடுத்த துண்டுகளை ஒரு செக்டர் விட்டு ஒரு செக்டரில் வைப்பார்கள், டிராக்குக்கு டிராக் தள்ளியும் வைப்பார்கள். நேராக அட்டாச் செய்தால் துண்டுகள் கலைந்து வரும்.

வெளியே எடுப்பது இதையே திருப்பிப் போடுவது. புதிதாக ஒரு காலி ஃபைலை ஆர்எல்1-இல் அட்டாச் செய்யுங்கள். புது டிஸ்க் என்பதால் கடைசி டிராக்கில் எழுதட்டுமா என்று சிமுலேட்டர் கேட்கலாம், வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே டாரில் அந்த டிவைஸுக்கு எழுதுங்கள், முடிந்ததும் சின்க் கொடுங்கள், கன்ட்ரோல்-இ, டீட்டாச். சின்க், டீட்டாச் இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்: சின்க் செய்யாவிட்டால் தரவு பாதி கெர்னலின் நினைவகத்திலேயே நிற்கும், டீட்டாச் செய்யாவிட்டால் சிமுலேட்டர் எழுதியது பாதி உங்கள் லேப்டாப்பின் பஃபரில் நிற்கும். அப்புறம் லேப்டாப்பில் அந்த ஃபைலை டார் கொண்டே பிரிக்கலாம். ஒரே ஒரு ஃபைல்தானே, பைட்டுகளை அப்படியே பிரதி எடுக்கும் டிடி கட்டளை போதுமே என்று தோன்றும். டிடி வேலை செய்யும், ஆனால் ஃபைல் எங்கே முடிகிறது என்ற தகவல் டிஸ்கில் இருக்காது, பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பூஜ்ஜியங்களை நீங்கள் கையால் வெட்ட வேண்டும். டார் தலைப்பில் நீளம் பதிவாகிவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை.

வந்தது சரியாக வந்ததா என்று பார்க்க ஏழாம் பதிப்பிலேயே சம் என்ற கட்டளை இருக்கிறது. லினக்ஸில் இருக்கும் சம் கட்டளையும் எந்தக் குறியும் கொடுக்காமல் ஓடவிட்டால் அதே பழைய 16 பிட் சுழற்றிக் கூட்டும் முறையைத்தான் பயன்படுத்துகிறது, அதனால் இரண்டு பக்கமும் முதல் எண் ஒன்றாக வர வேண்டும். இரண்டாவது எண் ஃபைல் எத்தனை பிளாக் என்பது, அங்கே 512 பைட் கணக்கு, இங்கே 1024 பைட் கணக்கு, அது வேறுபட்டால் பயப்பட வேண்டாம். நான் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன், அரை நிமிட வேலை.

டேப் வழியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பழைய மென்பொருள் பெரும்பாலும் டேப் இமேஜாகத்தான் இருக்கும். டேப்பில் பைட்டுகள் மட்டும் இல்லை, ரெக்கார்டுகள் இருக்கின்றன, ஒரு ரெக்கார்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் தரவின் பகுதி. அதனால்தான் சிம்ஹெச்சின் டேப் வடிவத்தில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கு முன்னாலும் பின்னாலும் அதன் நீளம் நாலு பைட்டில், சிறிய பைட் முதலில் வரும்படி, எழுதப்படுகிறது. பின்னாலும் ஏன் என்றால் டேப்பைப் பின்னோக்கிப் படிக்க முடிய வேண்டும். நாலு பூஜ்ஜிய பைட் வந்தால் அது டேப் மார்க், ஒரு ஃபைலின் முடிவு. இரண்டு மார்க் அடுத்தடுத்து வந்தால் எழுதப்பட்டது அத்தோடு முடிந்தது. ரெக்கார்டின் நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு பைட் நிரப்பியும் சேரும், சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். இந்த விவரம் போதும், பைத்தானில் பதினைந்து வரியில் டாரை டேப்பாகவும் டேப்பை டாராகவும் மாற்றலாம். டேப்பாக மாற்றும்போது 512 பைட்டுக்கு ஒரு ரெக்கார்டு என்று வையுங்கள். ஏழாம் பதிப்பின் பிளாக் டேப் டிவைஸ் அந்த அளவைத்தான் எதிர்பார்க்கும், ரா டிவைஸும் அதை ஏற்கும், எதை எடுத்தாலும் பிரச்சினை இல்லை.

அச்சு வடிவில் எழுத்து மட்டும் வெளியே வேண்டும் என்றால் எல்பிடி என்ற பிரிண்டரை ஒரு ஃபைலோடு கட்டிவிட்டு உள்ளே இருந்து பிரிண்ட் கொடுத்தால் போதும், சாதாரண டெக்ஸ்ட்டாக விழும். காகித நாடா படிப்பானும் துளைப்பானும் இதே மாதிரி பைட்டுக்குப் பைட் போகும். இரண்டுக்கும் உங்கள் கெர்னலில் டிரைவர் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே எனக்கு நிச்சயமானதையும் உங்கள் இமேஜைப் பொறுத்ததையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். டேப் வடிவம், டார் வித்தை, # மற்றும் @ நடத்தை இவை எந்த ஏழாம் பதிப்பிலும் மாறாது. ஆனால் கெர்னலில் எந்த டிரைவர் இருக்கிறது, டிவைஸின் பெயர் என்ன, டிரைவரைக் குறிக்கும் மேஜர் எண் என்ன என்பது நீங்கள் எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தீர்கள், யார் கெர்னலைக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் சொன்ன விவரத்தில் ஆர்எல் டிஸ்கில் இருந்து பூட் ஆவதாக இருந்தது, அதை வைத்துத்தான் ஆர்எல்1 என்று எழுதினேன். உங்களிடம் ஆர்பி டிஸ்க் என்றால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். டிவ் டைரக்டரியில் இரண்டாவது டிரைவுக்கு டிவைஸ் இல்லையென்றால், முதல் டிரைவின் மேஜர் எண்ணைப் பார்த்து, மைனரை மட்டும் 1 ஆக்கி, ஈடிசி டைரக்டரியில் இருக்கும் எம்கேநோட் கட்டளையால் உருவாக்கிக்கொள்ளலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் இமேஜை வெளியில் இருந்து திறந்து எழுதாதீர்கள். பழைய ஃபைல் சிஸ்டத்தைப் புரிந்துகொண்டு நேராக இமேஜுக்குள் ஃபைலை வைக்கும் கருவிகள் உண்டு, நல்ல கருவிகள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் உள்ளே இருக்கும் கெர்னல் எந்தப் பிளாக் காலி என்ற பட்டியலைத் தன் நினைவில் வைத்திருக்கும், முப்பது நொடிக்கு ஒருமுறை அதை டிஸ்கில் மறுபடி எழுதும். வெளியே இருந்து நீங்கள் வைத்த ஃபைலைப் பற்றி அதற்குத் தெரியாது. பல வருடங்களுக்கு முன் ஒரு மீட்பு வேலையில் அவசரத்தில் நான் இதைச் செய்தேன், ஒரு வாரம் உட்கார்ந்து சீர்படுத்திய டைரக்டரி முழுவதும் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுப் போயிற்று. அன்றிலிருந்து நிறுத்தி, டீட்டாச் செய்து, ஒரு பிரதி எடுத்த பிறகே இமேஜைத் தொடுகிறேன்.

இயந்திரம் மாறினால் என்ன ஆகும் என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள், சிபிஎம் பக்கமும் போகப் போவதாக. அங்கே வேலை சுலபம், ஏனென்றால் சிம்ஹெச்சின் அல்டேர் சிமுலேட்டரை எழுதியவர் அசல் இயந்திரத்தில் இல்லாத ஒரு சின்னக் கதவைச் சேர்த்திருக்கிறார். ஆர் என்ற நிரல் லேப்டாப்பில் இருந்து ஃபைலை உள்ளே எடுக்கும், டபிள்யூ வெளியே எழுதும். ஷேர்டு ஃபோல்டருக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது இதுதான். இல்லையென்றால் சிபிஎம்டூல்ஸ் என்ற தொகுப்பு இமேஜையே திறந்து ஃபைல்களை எடுக்கும், வைக்கும், ஆனால் டிஸ்கின் அமைப்பை நீங்கள் சரியாகச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் ஃபைல் பெயர்கள் சரியாகத் தெரியும், உள்ளடக்கம் மட்டும் கலைந்திருக்கும். சிபிஎம்மில் ஃபைலைப் பிரதி எடுக்கும் பிப் கட்டளையில் போகும் இடம் முதலில், வரும் இடம் பிறகு, நடுவில் சமக்குறி. அப்புறம் ஒரு விஷயம், சிபிஎம்முக்கு ஒரு ஃபைல் எத்தனை பைட் என்று தெரியாது, எத்தனை 128 பைட் ரெக்கார்டு என்றுதான் தெரியும். டெக்ஸ்ட் ஃபைலின் உண்மையான முடிவைக் கன்ட்ரோல்-இசட் எழுத்து காட்டும். வெளியே எடுத்த டெக்ஸ்டில் கடைசியில் வால் மாதிரி குப்பை இருந்தால் அதை முதல் கன்ட்ரோல்-இசட்டில் வெட்டிவிடுங்கள், பைனரி ஃபைலை வெட்டாதீர்கள்.

பிடிபி-11-இலேயே ஆர்டி-11 இயங்குதளம் ஓடினால் பெயர் ஆறு எழுத்து, பின்னொட்டு மூன்று எழுத்து, அவ்வளவுதான். அங்கே எழுத்துகள் மொத்தம் நாற்பது, மூன்று எழுத்தை ஒரு 16 பிட் வேர்டில் அடைத்துவிடுவார்கள், 40 × 40 × 40 = 64,000, அது 16 பிட் கொள்ளும் 65,536-க்குள் அடங்கிவிடுகிறது. பிடிபி-8-க்குப் போனால் இன்னும் கவனம் தேவை. அதன் வேர்டு 12 பிட். அதில் ஓடும் ஓஎஸ்/8 மூன்று எழுத்துகளை இரண்டு வேர்டில் அடைக்கிறது, எட்டாவது பிட்டையும் ஏற்றி வைக்கிறது. அந்த இமேஜை லேப்டாப்பில் சாதாரண எடிட்டரில் திறந்தால் எதுவும் புரியாது. பிடிபி-10-இல் 36 பிட் வேர்டு, ஏழு பிட் எழுத்துகள் ஐந்து, ஒரு பிட் மீதி. இங்கெல்லாம் 'ஃபைல் என்றால் பைட்டுகளின் வரிசை' என்ற நம் பழக்கமே பொருந்தாது, டார் வித்தையும் நேரடியாகச் செல்லாது. காகித நாடா வழியாகவோ டெர்மினல் வழியாகவோ எழுத்து எழுத்தாகக் கொண்டுபோவது பாதுகாப்பு, ஏனென்றால் அப்போது அடைக்கும் வேலையை உள்ளே இருக்கும் இயங்குதளமே செய்துகொள்ளும்.

டெர்மினல் வழியாகவே நம்பிக்கையாக அனுப்ப வேண்டும் என்ற தேவையில் இருந்துதான் கெர்மிட் வந்தது. 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டிஇசி-20 என்ற ஒரு பெரிய கணினிக்கும் சிபிஎம் சிறுகணினிகளுக்கும் இடையே ஃபைல் மாற்றுவதற்காக எழுதினார்கள். கட்டுப்பாட்டு எழுத்துகளை அச்சாகும் எழுத்துகளாக மாற்றி, 94 எழுத்துக்குள் அடங்கும் சின்னப் பொட்டலங்களாக, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை வைத்து அனுப்பும். எட்டு பிட்டும் சுத்தமாகப் போகாத பாதையிலும் பைனரியைக் கொண்டுபோகும். வார்ட் கிறிஸ்டன்சன் 1977-இல் எழுதிய எக்ஸ்மோடம் வேகமானது, ஆனால் பாதை எட்டு பிட்டும் விடாமல் கொண்டுபோக வேண்டும். இரண்டுக்கும் உள்ள சிக்கல், அந்த நிரலே முதலில் உள்ளே இருக்க வேண்டும். அதனால் ஏழாம் பதிப்புக்கு நான் இந்த வழியில் போவதில்லை.

பிறகு ஒரு நாள் பிடிபி-11-க்கான பிந்தைய யூனிக்ஸான 2.11பிஎஸ்டி-க்கு மாறினால் வாழ்க்கை எளிதாகும், அதில் நெட்வொர்க்குக்கான டிசிபி/ஐபி இருக்கிறது, அதன் வழியே ஃபைல் அனுப்பும் எஃப்டிபி இருக்கிறது. எக்ஸ்க்யூ என்ற நெட்வொர்க் கார்டை நாட் முறையில் (லேப்டாப்பின் முகவரிக்குப் பின்னால் மறைந்து பேசும் முறை) கட்டலாம். எஃப்டிபி தொங்கி நின்றால் அது பெரும்பாலும் ஆக்டிவ் முறைக்கும் நாட்டுக்கும் உள்ள பழைய சண்டை: தரவுக்கான இணைப்பை மறுமுனை உள்ளே திறக்கப் பார்க்கும், நாட் விடாது. நாட் இல்லாமல் லேப்டாப்பின் கார்டிலேயே நேராகக் கட்டினால் வேறு கணினிகளோடு பேசும், அந்த லேப்டாப்போடு மட்டும் பேசாது, அதற்கு டேப் இன்டர்ஃபேஸ் என்ற மெய்நிகர் கார்டு தேவை (காந்த டேப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது வேறு). வாக்ஸில் விஎம்எஸ் இயங்குதளம் ஓட்டுகிறவர்களுக்கு எஃப்டிபி போன பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். அங்கே ஒவ்வொரு ஃபைலுக்கும் ரெக்கார்டு வகை, நீளம் என்ற குணங்கள் உண்டு, வெளியே போய் வந்தால் அவை உதிர்ந்துவிடும். பேக்கப் சேவ்செட் (விஎம்எஸ்ஸின் காப்புப் பிரதி ஃபைல்) திறக்க மறுத்தால் செட் ஃபைல் கட்டளையால் நிலையான நீளம், 32,256 பைட் என்று குணத்தைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும், ஃபைல் கெட்டுப்போனது என்று முடிவுகட்டி மறுபடி மறுபடி இறக்க வேண்டாம்.

உங்கள் சி ஃபைல்கள் உள்ளே போன பிறகு இரண்டு விஷயம் காத்திருக்கிறது. ஃபைல் பெயர் 14 எழுத்துதான், முதல் 14 எழுத்து ஒன்றாக இருக்கும் இரண்டு ஃபைல்கள் ஒன்றை ஒன்று அழிக்கும், டார் செய்வதற்கு முன்பே பெயரைச் சுருக்குங்கள். அந்தத் தொகுப்பான் 1989-இன் தரநிலைக்கு முந்தியது, ஃபங்ஷனின் அடைப்புக்குள் வகையோடு அளபுருக்களை எழுதினால் ஏற்காது, வகைகளை அடைப்புக்குக் கீழே தனி வரியில் எழுத வேண்டும்.

இன்று ராத்திரி ஒரே ஒரு சின்ன ஃபைலை வைத்து டிஸ்க் வழியை முயன்று பாருங்கள். டிவைஸ் கிடைக்கவில்லை என்று டார் சொன்னால், டிவ் டைரக்டரியின் முழுப் பட்டியலையும் நீங்கள் பூட் செய்யும்போது கொடுக்கும் கட்டளைகளையும் இங்கே அப்படியே போடுங்கள். மேஜர் எண்ணைப் பார்த்து எம்கேநோட் வரியை எழுதித் தருகிறேன்.